தம்ளர் நிறைய நுரை: வீட்டு பியரைக் கெக்கில் அடைப்போருக்கான பூரண கையேடு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நண்பர்கள் வருகிறார்கள் என்றால், வெள்ளி இரவு பதினோரு மணிக்குக் கெக்கை மூடுங்கள். ஒரு மணி நேரம்கூட முன்னதாக வேண்டாம். குளிரவைத்த பியரின் மேல் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) வாயு அழுத்தத்தை வைத்துவிட்டு, பத்துப் பதினான்கு நாள் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காத சோம்பேறிகள் அமெரிக்கா முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டேப்பைத் திறந்தால் பியர் வரும், அவ்வளவுதான். விருந்தில் பேச ஒரு விஷயமும் இருக்காது. தம்ளர் நிறைய நுரை, அது அடங்கியதும் அடியில் இரண்டு விரற்கடை சப்பென்ற பியர், சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும் கூட்டம் என்ற பரபரப்பான மாலை உங்களுக்கும் வாய்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கையேடு.

முதலில் சட்டம். அமெரிக்காவில் வீட்டில் பியர் காய்ச்சுவது 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் போட்ட கையெழுத்தால் கூட்டரசுச் சட்டப்படி குற்றமில்லாமல் போனது. அடுத்த பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஆண்டுக்கு 200 கேலன், தனியாள் என்றால் 100. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. மிசிசிப்பியும் அலபாமாவும் மட்டும் 2013 வரை முரண்டு பிடித்தன. அந்த 200 கேலனில் எத்தனை கேலன் நுரையாகப் போகலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. இது நமக்குச் சாதகம். (தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்கள் பொது அறிவுக்காக மட்டும் படிக்கவும். 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் அங்கே இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.)

கெக் வாங்கும்போது பழசாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்காரர்கள் புழங்கும் ஐந்து கேலன் எஃகுக் கெக், பிறப்பால் பியர்க் கெக்கே அல்ல. ஒரு காலத்தில் ஓட்டல்களுக்கு சோடா சிரப் சுமந்த பாத்திரம். சோடா கம்பெனிகள் அட்டைப்பெட்டிக்குள் பை வைத்த சிரப்புக்கு மாறியதும் இவை ஆயிரக்கணக்கில் கழித்துக் கட்டப்பட்டு, கராஜ்களுக்கு வந்து சேர்ந்தன. பெப்சி வகைக்கு ஒரு மாதிரி இணைப்பு, கோக் வகைக்கு வேறு மாதிரி, ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆகவே இரண்டிலும் ஒவ்வொன்று வாங்குவது உத்தமம். ரப்பர் ஓ-ரிங்குகளை மாற்றாதீர்கள். முந்தைய பிறவியில் ரூட் பியர் என்ற சோடா இருந்த கெக் என்றால் அந்த வாசனை ரப்பரில் ஊறிப்போயிருக்கும். மொத்த ரிங்குகளையும் மாற்ற ஆகிற செலவு ஒரு காபிக் காசுதான். ஆனால் மாற்றாவிட்டால், உங்கள் பில்ஸ்னரில் புதினாவும் மருந்துக்கடையும் கலந்த ஒரு மணம் கிடைக்கும். அதை “சொந்த ரெசிபி” என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூடியைப் போட்டதும் ஒரு முறை 30 பி.எஸ்.ஐ. ஏற்றி மூடியை இருத்துவது, ஓ-ரிங்கில் துளி மசகு தடவுவது, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பது எல்லாம் கிழவிகள் செய்கிற வேலை. நீங்கள் வாயு சிலிண்டரின் மீட்டரை நம்புங்கள். அறை வெப்பத்தில் அது 800-க்கு மேல் காட்டும். ஃபிரிட்ஜுக்குள் வைத்ததும் 500 சொச்சத்துக்கு இறங்கும். உடனே பதறிப்போய் நிரப்பப் போங்கள். உள்ளே இருப்பது திரவமாக்கிய கார்பன் டை ஆக்சைடு. அந்தத் திரவம் ஒரு சொட்டு மிஞ்சியிருக்கும் வரை, முள் வெப்பத்தைப் பொறுத்துத்தான் நிற்குமே தவிர மிச்ச அளவைச் சொல்லாது. திரவம் தீர்ந்த பிறகு சரசரவென்று விழும், அதற்குள் காலம் கடந்திருக்கும். எவ்வளவு மிச்சம் என்று நிஜமாகவே தெரிய வேண்டுமானால், சிலிண்டரைத் தராசில் தூக்கி வைத்து, அதன் தோளில் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழிக்க வேண்டும். ஐந்து கேலன் பியரில் வாயு ஏற்றி, கடைசித் தம்ளர் வரை ஊற்றி முடிக்கக் கால் கிலோ வாயுகூடத் தேவைப்படாது. இரண்டேகால் கிலோ சிலிண்டர் ஒரே கெக்கில் காலியானால், பியர் குடித்தது போக மீதியைக் கராஜ் குடித்திருக்கிறது என்று பொருள்.

இப்போது குலுக்கல். விருந்துக்குப் பத்தொன்பது மணி நேரம் இருக்கும்போது வேறு வழியில்லை. 30 பி.எஸ்.ஐ. வைத்து, கெக்கை மடியில் கிடத்தி, கை ஓயும் வரை ஆட்டுங்கள். இதற்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. 1767 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பியர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த பாதிரியார் ஜோசஃப் பிரீஸ்ட்லி, நொதித்துக்கொண்டிருந்த தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்து, அந்த வாயுவைத் தண்ணீரில் ஏற்றினார். உலகத்துக்கு சோடா கிடைத்தது அப்படித்தான். ஆட்டினால் வாயு சீக்கிரம் கரையும் என்று அவருக்கும் தெரியும். போதும் என்று எப்போது நிறுத்துவது என்பதுதான் குலுக்குகிறவர்களுக்கு இன்றுவரை தெரியாத ஒன்று. குலுக்கிய கெக் பல சமயம் அளவு மீறிப் போகும். கொஞ்சம் நாகரிகமான குறுக்குவழியும் இருக்கிறது: குளிர்ந்த கெக்கில் 30 பி.எஸ்.ஐ. வைத்து, ஆட்டாமல் அசைக்காமல் ஒன்று, ஒன்றரை நாள் விட்டு, மேலே தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு 12-க்கு இறக்குவது. அதற்கு வியாழக்கிழமையே நினைவு வந்திருக்க வேண்டும்.

இனி இந்தக் கையேட்டின் இருதயப் பகுதிக்கு வருவோம். சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் நடுவில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருகிக்கொண்டே இருங்கள்.

நுரை வந்தால் குறையுங்கள். பியர் மெதுவாக வந்தால் கூட்டுங்கள். விருந்தாளி ஒருவர் “கொஞ்சம் இறக்கிப் பாரேன் மச்சி” என்றால் இறக்குங்கள். அவர் மனைவி “ஏத்தணும்னு நினைக்கிறேன்” என்றால் ஏற்றுங்கள். தயிர் உறைந்ததா என்று அரை மணிக்கொரு தரம் கிண்டிப் பார்க்கிறவர்களுக்கு வாய்க்கும் அதே பலன் உங்களுக்கும் வாய்க்கும்.

ஏன் என்று கேட்கும் சில நச்சுப்பிடித்த வாசகர்களுக்காக: வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேயர் 1803-ல் சொல்லிவிட்டுப் போனது இது. திரவத்தில் கரைகிற வாயுவின் அளவு, மேலே அழுத்துகிற அதே வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்ப அமையும். திரவம் குளிர்ந்திருந்தால் கூடுதலாகக் கரையும். 38 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது செல்சியஸில் மூன்று சொச்சம், 12 பி.எஸ்.ஐ. வைத்தால் ஒரு லிட்டர் பியருக்குள் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு போய் உட்காரும். சாதாரண அமெரிக்க ஏல் வகைக்கு அது சரியான அளவு. அந்த 12 என்பது பியருக்கும் வாயுவுக்கும் நடுவே ஏற்பட்ட உடன்படிக்கை. நுரை வருகிறதே என்று அதை 4-க்கு இறக்கினால், கரைந்திருந்த வாயு டியூபில் வரும் வழியிலேயே வெளியே குதிக்கிறது. டேப்பை எட்டுவதற்குள் பாதி பியர் நுரையாகிவிடுகிறது. குறைத்தும் நுரை கூடுகிறதே என்று இன்னும் குறைக்கிறீர்கள். நாலைந்து நாள் அப்படியே விட்டால், கெக்கில் மிச்சமிருக்கும் பியரும் வாயுவை மேலே விட்டுவிட்டுச் செத்துப்போகிறது. சப்பென்று இருக்கிறதே என்று 30-க்கு ஏற்றிவிட்டு மறந்துபோகிறீர்கள். அடுத்த சனிக்கிழமை டேப்பைத் திறக்கிறீர்கள். கையேடு மறுபடி முதல் பத்தியிலிருந்து தொடங்குகிறது.

பியர் சீறிக்கொண்டு வந்தால் மாற்ற வேண்டியது திருகையல்ல, டியூபின் நீளத்தை என்று அனுபவஸ்தர்கள் முணுமுணுப்பார்கள். உள்விட்டம் 3/16 அங்குலம் உள்ள டியூப் என்றால் பத்தடி வேண்டும் என்பார்கள். அந்தப் பத்தடி நெடுக உரசி உரசியே 12 பி.எஸ்.ஐ. கரைந்து, டேப்பில் பியர் சாதுவாக வந்து விழுமாம். நீளம் கூடிவிட்டால் தம்ளர் நிறையக் கொஞ்சம் நேரமாகும், வேறு குற்றமில்லை. வேண்டுமானால் பிறகு நறுக்கிக்கொள்ளலாம். நறுக்கியதை ஒட்ட முடியாது. கடையில் கிட்டோடு கொடுக்கும் டியூப் பல சமயம் ஐந்தடிதான் இருக்கும். அதைப் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று நாலடிக்கு நறுக்கி, ஃபிரிட்ஜுக்குள் விறைப்பாக மாட்டுங்கள். தீயணைப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்த திருப்தி கிடைக்கும்.

எக்காரணம் கொண்டும் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜுக்கு முன்னால் மண்டியிடாதீர்கள். மண்டியிட்டால் காரணம் தெரிந்துவிடும். ஒருவரை டேப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு டியூபையே பாருங்கள். கெக்கை விட்டுக் கிளம்பும் இடத்திலேயே, கறுப்பு இணைப்பை ஒட்டி, ஊசிமுனைக் குமிழிகள் விடாமல் ஓடினால், அந்த முனைக்கு அடியில், அடிவரை போகும் எஃகுக் குழலின் கழுத்தில் உள்ள சின்ன ஓ-ரிங் கிழிந்திருக்கிறது. மேலே தேங்கிய வாயு அந்தக் கீறல் வழியாக பியரோடு சேர்ந்து ஏறுகிறது. அழுத்தத்தை எவ்வளவு மாற்றினாலும் இது தீராது, சில காசு ரிங் தீர்க்கும். குமிழி இல்லாமல் விட்டு விட்டுத் துப்பினால், ஹாப்ஸ் துணுக்கு ஒன்று முனையின் வால்வில் மாட்டியிருக்கும். ஊற்றாமல் வைத்திருந்த நேரத்தில் டியூபின் மேல்பகுதியில் மட்டும் வாயு திட்டுத்திட்டாகத் தேங்கியிருந்தால், அங்கே சூடு. ஃபிரிட்ஜின் அடி ஜில்லென்றும் மேலே வெதுவெதுப்பாகவும் இருப்பது சகஜம். தலைக்கு மேல் கோபுரம் வைத்து டேப் மாட்டியவர்கள் வீட்டில் இது இன்னும் அழகாக நடக்கும். கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன விசிறி ஒன்றால் குளிர்காற்றைக் கோபுரத்துக்குள் ஏற்றுகிறார்கள் சிலர். விருந்தின் சுவாரசியத்தைக் கெடுக்க என்னவெல்லாம் செய்கிறார்கள்!

ஊற்றும்போது டேப்பைப் பாதி திறங்கள். பயந்த மனிதரின் கை இயல்பாகச் செய்வது அதைத்தான். இடுக்கு வழியாகப் பிதுங்கும் பியர் கலங்கி நுரைக்கும். முழுக்கத் திறந்து, தம்ளரைச் சாய்த்துப் பிடித்தால் நுரை அடங்கிவிடும், கவனம். தம்ளரை ஃப்ரீஸரில் வைத்துப் பனி பூக்கவிடுங்கள். அந்தப் பனித்துகள் ஒவ்வொன்றிலும் குமிழி பிறக்கும். நாள் முழுக்கச் சும்மா இருந்த டேப்பின் முதல் ஊற்று எப்படியும் நுரைக்கும், உலோகம் சூடாக இருப்பதால். அதைக் கீழே கொட்டாமல் மிக முக்கியமான விருந்தாளிக்குக் கொடுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் என் பேச்சை நிஜமாகவே கேளுங்கள். அழுத்தம் இருக்கும் கெக்கின் மூடியில் கை வைக்காதீர்கள். முதலில் மேலே இருக்கும் வளையத்தை இழுத்துக் காற்றை முழுக்கப் போகவிடுங்கள். சிலிண்டர் இருக்கும் இடம் அடைத்த சின்ன அறையாக இருக்கக் கூடாது. கசிந்த கார்பன் டை ஆக்சைடு ஆளைக் கொல்லும். அளவு மீறி வாயு ஏறிய பியரைக் காப்பாற்றவும் அதே வளையம்தான்: வாயு இணைப்பைக் கழற்றி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை இழுத்துவிட்டு, ஒன்றிரண்டு நாளில் படிப்படியாக இறக்கலாம்.

இவ்வளவும் செய்த பின் விருந்தாளிகளுக்கு ஏதாவது சொல்லியாக வேண்டும். “இது நைட்ரோ” என்பது முதல் தரச் சாக்கு. கின்னஸில் வேலைபார்த்த மைக்கேல் ஆஷ் என்ற கணித மேதை, 1959-ல் நைட்ரஜன் கலந்து ஊற்றும் முறையைக் கொண்டுவந்தார். முக்கால் பங்கு நைட்ரஜன், கால் பங்கு கார்பன் டை ஆக்சைடு, டேப்புக்குள் துளையிட்ட சின்னத் தகடு என்பது இன்றைய வழக்கம். அதில் வருவது பாலாடைக் கெட்டியில் ஒரு விரல் நுரை. உங்கள் தம்ளரில் இருப்பதோ நாலு விரல், அதுவும் பொத்தல் பொத்தலாக. வந்தவர் டப்ளின்காரர் என்றால் இந்தச் சாக்கைத் தவிர்ப்பது நல்லது. பியர் சப்பென்று இருக்கிறதே என்று யாராவது கேட்டால் உயரத்தைக் காரணம் காட்டலாம். டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு மேலே 5,280 அடியில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், மீட்டரில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி வைத்தால்தான் அதே வாயு கரையும். முழுக்க முழுக்க விஞ்ஞானம், எவரும் மறுக்க முடியாது. நியூ ஆர்லியன்ஸில் குடியிருப்பவர்கள் மட்டும் வேறு எதையாவது யோசித்துக்கொள்ளவும்.