அட்மின் சார்

காலையில் பல் தேய்க்கும் முன்பே தன் வாட்ஸ்அப் குரூப்புகள் அத்தனையிலும் வணக்கம் போட்டுவிடுவார் அட்மின் சார். பணி ஓய்வு பெற்ற கையோடு மொட்டைமாடியில் நாலு குரோபேக் வாங்கி வைத்துத் தக்காளி விதை போட்டார். விதை முளைப்பதற்குள் 'நம்ம மாடித்தோட்டம்' முளைத்துவிட்டது.

அது 2016. ஒரு குரூப்புக்கு 256 பேர் என்று வாட்ஸ்அப் வைத்திருந்த வரம்பு நிரம்பியதும் 'நம்ம மாடித்தோட்டம் 2' திறந்தார். கத்திரிக்காய்க்காரர்கள் பேசவே விடுவதில்லை என்று புகார் வர, 'தக்காளி மட்டும்'. அங்கே பஞ்சகவ்யமா, கடை மருந்தா என்று சண்டை மூள, 'தக்காளி மட்டும் - இயற்கை'. பிறகு கீரை, வெண்டை, விதைப் பகிர்வு.

2022-இல் வரம்பு 512 ஆகி, 1024-உம் ஆனது. எல்லாரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடலாமே? ஏழு நாற்காலியை விட்டு ஒன்றில் உட்கார யாருக்கு மனசு வரும்! அந்த ஆண்டு நவம்பரில் பல குரூப்புகளை ஒன்றாகக் கட்டும் 'கம்யூனிட்டி' வசதி வந்தது. கட்டினார். அறிவிப்புக்கென்று தானாகவே இன்னொரு குரூப் வந்து சேர்ந்தது. இப்போது எட்டு.

இத்தனையிலும் இருப்பது பெரும்பாலும் அதே ஆட்கள்தான். ஓர் அம்மா வெண்டை இலையைத் திருப்பிப் பிடித்து, அடியில் வெள்ளையாகப் படர்ந்த மாவுப்பூச்சியைப் போட்டோ போட்டார். "இது தக்காளி குரூப்மா. வெண்டைக்கு லிங்க் தரேன்" என்றார் அட்மின். அங்கே போனால் பதில் சொன்னவரும் அவரே: "வேப்பெண்ணெயில கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலமா அடிங்க."

உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பல்ல என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதை எல்லாக் குரூப்பின் முகப்பிலும் ஒட்டியிருக்கிறார். அரசியல், மற்றவர்களின் குட்மார்னிங் இரண்டுக்கும் தடை. மீறுபவர் அவருடைய மைத்துனர் என்பதால் நடவடிக்கை நிலுவையில் இருக்கிறது.

வெளியேறலாம் என்றால், 2022 ஆகஸ்டிலிருந்து மற்றவர்களுக்கு அறிவிப்புப் போகாது. அட்மினுக்கு மட்டும் போகும். ஐந்தே நிமிடத்தில் போன் வரும். "என்ன தம்பி, நெட் பிரச்சனையா? தானா வெளிய வந்துடுச்சு போல. கீரை குரூப்ல சேர்த்துட்டேன்."

இதற்கு வாட்ஸ்அப்பிலேயே மருந்து இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ். உங்களை யார் சேர்க்கலாம் என்று கேட்கும் இடத்தில், இன்னாரைத் தவிர என்றொரு வசதி உண்டு. அதில் அவர் பெயரைத் தட்டிவிடுங்கள். மைத்துனர் பெயரையும் சேர்த்து.