முட்டைக்குள்ள ஒரு மூஞ்சி

வாங்க டீச்சரம்மா, திண்ணையில உக்காருங்க. ஒண்ணாப்புப் பிள்ளைகளுக்கு அவுகவுக மூஞ்சிய வரையச் சொல்லித்தரப் போறீகளாமே? பருத்திக்காட்டுக்காரன், எனக்கென்ன தெரியும்? இருந்தாலும் கேட்டுட்டீக, சொல்றேன்.

மொதல்ல போர்டுல ஒரு முட்டையப் போடுங்க. உள்ள ரெண்டு புள்ளி, ஒரு மூக்கு, சிரிச்ச வாய். ‘இதே மாதிரி வரைங்க’ன்னுருங்க. கொஞ்ச நேரத்துல அம்புட்டுப் பேரும் ஒரே பிரசவத்துல பெறந்த பிள்ளைகளா ஆயிருவாக. செவுத்துல ஒட்டுனா அம்சமா இருக்கும், அதிகாரியும் மெச்சுவாரு. பெத்தவ வந்து ‘எம்பிள்ளை எது?’ன்னா, அடியில எழுதுன பேரக் காட்டுங்க.

எவனாச்சும் தலையிலேருந்தே நேரா ரெண்டு காலு இழுத்திருந்தா விடாதீக, ஒடனே திருத்துங்க. உலகம் பூரா மூணு நாலு வயசுப் பிள்ளைக அப்படித்தான் ஆரம்பிக்குது, வயித்தையும் கழுத்தையும் பெறகு அதுகளே கண்டுபிடிச்சுக்கிரும்னு கும்பகோணத்துல ஓவியம் படிக்கிற எம்பேத்தி சொல்றா. அவ கெடக்கா. அதுவரைக்கும் நமக்குப் பொறுமை வேணாமா?

கலரு? இருக்கவே இருக்கு, ‘ஸ்கின் கலர்’னு ஒரு வெளுத்த ரோஸ் குச்சி. கரிசக்காட்டு வெயில்ல வெளஞ்ச பிள்ளைக்கு அதப் பூசுனா, ஒரே நாள்ல தொரை மகன் ஆயிருவான். அமெரிக்காவுல கிரேயோலா கம்பெனிக்காரனே அந்தக் குச்சிக்கு வச்சிருந்த ‘சதை’ங்கிற பேர 1962லயே எடுத்துட்டான். நாம விடுவமா? பழுப்பு, மஞ்சள், கறுப்புன்னு கலந்து, தன் கைக்குப் பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்கச் சொன்னா பிள்ளை கத்துக்கிருமே, அது பெரிய ஆபத்து.

கண்ணாடி மட்டும் குடுத்துராதீக. ஜெர்மனியில டியூரர்னு ஒரு பய, நகை செய்யிறவரு மகன். 1484ல, பதிமூணு வயசுல, கண்ணாடியப் பாத்துத் தன் மூஞ்சிய வரைஞ்சான். வரைஞ்சது வெள்ளிக்கம்பி முனையால. அதுல போட்ட கோடு லேசுல அழியாது. அதனால ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால பாத்தாகணும். அந்தத் தாளு இன்னும் வியன்னாவுல பத்திரமா இருக்காம். நம்ம பிள்ளைகளுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு? ஆளுக்கொரு ரப்பரக் குடுங்க. பாக்காமப் போடட்டும், போட்டத அழிக்கட்டும்.

என்ன, மொகம் வாடுது? அப்ப ஒண்ணு செய்ங்க. திருவிழாக் கடையில விக்கிற கைக்கண்ணாடி வாங்கி ஆளுக்கொண்ணு குடுங்க. தாடையிலேருந்து கண்ணு எம்புட்டுத் தூரம், கண்ணுலேருந்து உச்சி எம்புட்டுத் தூரம்னு வெரல வச்சுப் பாக்கச் சொல்லுங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். பெரியவுகளே கண்ணக் கொண்டுபோயி நெத்தியில வச்சிருவோம்.

பெறகு நீங்களும் ஒரு கண்ணாடியோட தரையில உக்காந்து ஒங்க மூஞ்சிய வரைங்க. ஒரு பொடியன் எட்டிப்பாத்து, ‘டீச்சர், இது ஒங்கள மாதிரியே இல்ல’ன்னுட்டு, ஒங்க பென்சிலப் புடுங்கித் திருத்த வருவான். சுருக்குன்னு கோவம் வரும் பாருங்க, அதுதான் ஒங்களுக்குப் பாடம்.