மர்ம விலங்கு: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டுக் காட்டுயிர்ப் பட்டியல் எதிலும் இடம்பெறாத, ஆனால் செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி தலைகாட்டும் உயிரினம் ஒன்று உண்டு. அதுதான் மர்ம விலங்கு. ‘மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி, கிராம மக்கள் பீதி’ என்ற தலைப்பைப் படிக்காமல் இந்த மாநிலத்தில் யாரும் பெரியவராகிவிட முடியாது. புலிக்கும் யானைக்கும் கழுகுக்கும் கணக்கெடுக்கிற நாடு, இத்தனை ஆடுகளைக் கொன்றுபோடும் ஒரு விலங்கை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டது வருந்தத்தக்கது. அக்குறையைக் களையவே இக்கட்டுரை எழுந்தது.

களமாகச் செஞ்சியைத் தேர்ந்ததற்கு முதற்காரணம் ஆடு. வெள்ளிக்கிழமை விடியுமுன் செஞ்சி வாரச்சந்தைக்குப் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் அங்கே வியாபாரம் கோடிக்கணக்கில் போகும். இரண்டாவது காரணம், ஒளிய இடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றும் பாறைமேல் பாறையாகக் கொட்டிக் கிடக்கின்றன. எந்தப் பொந்தில் எது படுத்திருக்கிறது என்று மலையடிவாரத்தில் நிற்பவரால் சொல்ல முடியாது. போதாததற்குப் பக்கமலைக் காடு வேறு.

மூன்றாவது, ஊரின் வரலாற்றுத் தகுதி. ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதில் கொண்ட இக்கோட்டையை 1690இல் வளைத்த ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1698 வரை வெளியே காத்துக்கிடந்தார். கோட்டை கைக்கு வந்தபோது, உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். மராட்டிய ராணுவக் கோட்டைகள் என்று யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றே. முகலாயப் படைக்கே எட்டாண்டு தேவைப்பட்ட ஊரில், முள்வேலி போட்ட ஆட்டுப் பட்டியை ஒரே ராத்திரியில் பிடிக்கிற விலங்கைப் போர்க்கலை அறிஞர்களும் கவனிக்க வேண்டும்.

இனி உருவம். கண்ணால் கண்ட சாட்சிகளின் வாக்குமூலம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கும்: “நாய் மாதிரிதான் சார் இருந்துச்சி. ஆனா நாய் இல்ல.” இத்துறையின் அடிப்படைச் சூத்திரம் இதுவே, மற்றதெல்லாம் உரை. உடலளவைப் பொறுத்தவரை, இவ்விலங்கு பார்த்த இடத்திலிருந்து தள்ளிப்போகப் போக வளரும் இயல்புடையது. பட்டியருகே நாய் அளவு, டீக்கடைக்கு வருகையில் கன்றுக்குட்டி. பஸ் ஸ்டாண்டை அடையும்போது “இம்மாம் பெருசு” என்று இரு கைகளும் விரிகின்றன. மனிதக் கைக்கு அதற்குமேல் நீளமில்லை என்பதால் வளர்ச்சி அங்கே நிற்கிறது.

உணவுப் பழக்கம்தான் ஆய்வாளர்களைத் திணறடிப்பது. கறியைத் தொடாமல் ரத்தத்தை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போகிறதாம். செத்த ஆட்டின் கழுத்து மயிரை விலக்கிப் பாருங்கள்: பென்சில் நுழையும் அளவில் இரண்டு துளை, ஓரத்தில் சற்றே காய்ந்த கறை, கீழே மண்ணில் ஒரு சொட்டில்லை. ஊரே கூடி நின்று இதைப் பார்க்கும்போது வேறென்ன தோன்றும்? கால்நடை மருத்துவரின் விளக்கத்தில் இவ்வளவு சுவை கிடையாது. கோரைப்பல் தோலில் இடுவது துளைதான், சேதமெல்லாம் உள்ளே. மூச்சுக்குழல் நசுங்கியும் அதிர்ச்சியிலும் ஆடு சாகிறது. இதயம் நின்றபின் ரத்தம் உடலின் கீழ்ப்பக்கம் இறங்கித் தேங்கி உறைந்துவிடுவதால், பிறகு கத்தி வைத்தாலும் ஒழுகாது. யாரும் குடிக்கவில்லை, வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

இதே துளைகளை வைத்து ஒரு தீவே கலங்கியிருக்கிறது. 1995இல் புவேர்ட்டோ ரிக்கோவில் ஆடுகள் இப்படிச் சாக, ‘சுப்பகாப்ரா’ என்ற பெயர் பிறந்தது. பெயர் சூட்டிய பெருமை சில்வேரியோ பெரெஸ் என்ற நகைச்சுவைக் கலைஞருக்குச் சேர்கிறது. முதுகில் முள் வரிசையோடு அதை நேரில் கண்டதாக ஒரு பெண்மணி சொன்ன அங்க அடையாளம் உலகமெங்கும் பரவியது. பெஞ்சமின் ராட்ஃபோர்டு என்ற ஆய்வாளர் பல ஆண்டு துருவியபோது, அந்தம்மா அதே ஆண்டு வெளியான ‘ஸ்பீசீஸ்’ படத்தைப் பார்த்திருந்தார் என்பதும், படத்து ஜந்துவுக்கும் அதே முதுகு என்பதும் வெளிவந்தன. டெக்சாஸில் பிடிபட்ட சுப்பகாப்ராக்களோ சொறி பிடித்து மயிர் உதிர்ந்த நாய்க் குடும்ப விலங்குகள். நம்மூர் மர்ம விலங்கு சினிமா பார்ப்பதில்லை என்பது அதன் தனிச்சிறப்பு.

வேட்பாளர்களைப் பரிசீலிப்போம். சிறுத்தை என்றால் தொண்டையைக் கவ்வி, ஆட்டை இழுத்துப்போய் மறைவில் தின்னும். சாப்பாட்டை விட்டுவிட்டுப் போகிற பழக்கமில்லை. கழுதைப்புலிக்கு முதுமலை, மாயாறு பக்கம் சொந்த வீடு இருக்கிறது. நரி மேல் பழிபோட மனம் வரவில்லை. அதன் முகத்தில் விழித்தால் யோகம் என்று நம்பி, வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலுக்கு வங்காநரி பிடிக்கப்போய் வனத்துறைக்கு அபராதம் கட்டுகிற சமூகம் நாம்.

எஞ்சியது தடயம். பட்டிக்கு வெளியே ஈர மண்ணில் உட்கார்ந்து பார்த்தால் போதும். பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிறுத்தையின் தடத்தில் நகம் பதியாது. நாய்க்கு அந்த நாகரிகம் தெரியாது. விரல் நான்கு, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு குத்து. அப்படிப்பட்ட தடம் காட்டிலிருந்து வந்திருந்தால் நாமும் மலையைப் பார்த்துக் கை நீட்டலாம். அது ஊர்ப்பக்கமிருந்து வந்து ஊர்ப்பக்கமே திரும்புகிறது.

பசிக்காக இல்லாமல் ஏன் இத்தனை ஆட்டைக் கொல்ல வேண்டும் என்பார்கள். ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர் 1972இல் இதைப் பற்றி எழுதினார். கும்மிருட்டு இரவுகளில் நரிகள் கடற்காகங்களையும் கழுதைப்புலிகள் மான்களையும் தேவைக்கு மேல் கொன்று குவித்துவிட்டுப் போயின. இரை ஓடாவிட்டால் வேட்டை நிற்பதில்லை. பட்டியில் அடைத்த ஆடு எங்கே ஓடும்? நாலைந்து நாய் சேர்ந்தால் விடிவதற்குள் முடிந்துவிடும்.

ஆக, சாட்சி முதல் வாக்கியத்தில் சொன்னது சரி, இரண்டாவதில்தான் சறுக்குகிறார். சறுக்கவில்லை, வேண்டுமென்றே நழுவுகிறார் என்பது இவ்வாய்வின் துணிபு. நாய் என்று வாய் திறந்தால், யார் வீட்டு நாய் என்ற அடுத்த கேள்வி வரும். மேலத்தெருவா, கீழத்தெருவா? பஞ்சாயத்து, வரப்புத் தகராறு, பழைய கல்யாண வருத்தம் எல்லாம் வரிசையாக எழுந்து வரும். மர்ம விலங்குக்கு வீடில்லை, உறவில்லை, ஓட்டில்லை. அதைத் திட்டினால் கோபித்துக்கொள்ள ஆளில்லை.

காசுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. சிறுத்தை அடித்த ஆட்டுக்கு வனத்துறை இழப்பீடு தரும். நாய் கடித்த ஆட்டுக்கு நெடுங்காலம் எதுவும் கிடையாது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளோடு தெருவுக்கு வந்து போராடிய பிறகே, 2025இல் தெருநாய்க் கடிக்கும் அரசு நிவாரணம் அறிவித்தது. அதுவரை, செத்த ஆட்டுக்காரர் “நாய்தான் சார்” என்று எழுதிக் கொடுக்க அவருக்கென்ன பைத்தியமா?

அதனால்தான் ஊரில் இவ்விலங்கைப் பற்றி அதிகம் விசாரிக்கிறவர்களை யாருக்கும் பிடிப்பதில்லை. ராத்திரி நாயைக் கட்டிப்போட மறந்தவருக்கு விஷயம் தெரியும், ஆட்டுக்காரருக்கும் தெரியும். வனத்துறை ஆள் டேப் வைத்துத் தடத்தை அளந்துகொண்டிருக்கையில், “சிறுத்தையாத்தாங்க இருக்கும், மலைமேலேர்ந்து எறங்குது” என்று பக்கத்திலிருந்து அழுத்திச் சொல்கிறார் ஒருவர். ஆட்டைப் புதைக்க மண்வெட்டி கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே.