ஏழரை கிராம் சான்றிதழ்

பெறுநர்
உயர்திரு கிளை மேலாளர் அவர்கள்.
(வங்கியின் பெயர் தங்கள் வாசல் பலகையிலேயே இருப்பதால் இங்கே எழுதவில்லை.)

பொருள்: மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயச் சான்றிதழ் ஒன்றை அடகாக ஏற்றுக்கொண்டு, இரண்டு பவுன் செயின் ஒன்றை விடுவிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: சென்ற வெள்ளிக்கிழமை தங்கள் கவுன்டரில் வாய்மொழியாகப் பிறப்பிக்கப்பட்ட ஆணை.

ஐயா,

அன்று என் அம்மா நகைக் கடனை அசலும் வட்டியுமாகக் கட்டி முடித்து ரசீதும் வாங்கிவிட்டார். அதன் பிறகுதான் தங்கள் கவுன்டர் தம்பி, முதியோர் பென்ஷன் வரிசை முழுக்கக் கேட்கும்படி அருள்வாக்குச் சொன்னார்: "காசு கட்டுனது சரிம்மா, செயின் கெடைக்காது. உம் பொண்ணு படிச்ச கடன் நிக்குதுல்ல? அவள வரச் சொல்லு." கல்விக் கடன் பத்திரத்தில் அம்மாவும் கையெழுத்துப் போட்டவர். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆம் பிரிவு வங்கிக்கு இந்த உரிமையைத் தருகிறது என்றும் விளக்கினாராம். தங்கள் கிளையில் சட்ட ஞானம் இவ்வளவு பெருகிக் கிடப்பது எங்கள் ஊருக்கே பெருமை.

வீட்டுக்கு வந்த அம்மா சண்டை எதுவும் போடவில்லை. "நீ படிச்சது எத்தன பவுனும்மா வரும்?" என்று மட்டும் கேட்டார்.

நியாயமான கேள்வி. நான் வேலை பார்க்கும் லேபில் ரசாயனம் நிறுக்கும் தராசில் என் சான்றிதழை வைத்துப் பார்த்தேன். ஏழரை கிராம். ஜோசியரிடம் போகத் தேவையில்லாத எண். ஒரு பவுனுக்கு அரை கிராம் குறைகிறது, பரவாயில்லை, முத்திரை மையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சரக்கைத் தங்கள் பெட்டகத்தில் வைத்துக்கொண்டு செயினைக் கொடுத்துவிடும்படி பணிவுடன் வேண்டுகிறேன். நான் தவணை கட்டத் தவறினால் தாராளமாக ஏலம் விடலாம். நாளிதழ் விளம்பரச் செலவையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மற்றதையெல்லாம் எழுதியதைப் போல.

தங்கள் நகை மதிப்பீட்டாளரை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். பாட்டியின் தோட்டை உரைகல்லில் தேய்த்து, கண்ணாடி போட்டுப் பார்த்து, சிவப்புக் கல்லின் எடையைக் கழித்து, திருகாணி வெள்ளி என்று அதையும் கழித்தவர். அரைப் பவுன் தோட்டுக்கு அவ்வளவு அக்கறை. நான் 2,40,000 ரூபாய் கேட்டு வந்தபோது ரேஷன் கார்டு, வருமானச் சான்று, சாதிச் சான்று, மாமாவின் பான் கார்டு, வீட்டுக் கரண்ட் பில் எல்லாம் கேட்டீர்கள். அந்தப் படிப்பை மட்டும் ஒருவரும் உரசிப் பார்க்கவில்லை. முடித்தால் எங்கே வேலை, என்ன சம்பளம் என்று நாலு லேபுக்குப் போன் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் காரட் தெரிந்திருக்கும்.

கல்லூரியும் தேர்ந்த நகைக்கடைதான். கட்டணத்தில் செய்கூலி, சேதாரம் எல்லாம் உண்டு. சீருடை, ரெக்கார்டு நோட்டு, இன்டஸ்ட்ரியல் விசிட், மருத்துவமனைப் பயிற்சி என்று தனித்தனி ரசீது. பயிற்சி என்பது நாங்கள் இலவசமாக வேலை பார்த்து, அதற்குப் பணமும் கட்டியது. வட்டி மானியம் கேட்டபோதுதான் தெரிந்தது, மானியம் வேண்டுமென்றால் கல்லூரிக்கு நாக் போன்ற தர அங்கீகாரம் வேண்டுமாம். அதாவது ஹால்மார்க். கடன் கொடுக்கும்போது தேவைப்படாத ஹால்மார்க், மானியம் கேட்கும்போது தேவைப்பட்டது.

இனி கணக்கு. படித்த இரண்டு ஆண்டும் அதன்பின் ஓர் ஆண்டும் தவணை கேட்காமல் பொறுத்திருந்தீர்கள். கடனை ஆண்டுக்குப் பாதியாகக் கொடுத்ததால், அந்தப் பொறுமைக்குப் பத்தரை சதவீதத் தனிவட்டி 63,000 ரூபாய். ஆக 3,03,000. ஐந்தாண்டில் கட்ட மாதம் 6,500 சொச்சம். என் சம்பளம் 12,000. எங்கள் லேபில் "முழு உடல் பரிசோதனை" 1,499 ரூபாய். எட்டுப் பேர் வந்தால் என் மாதச் சம்பளத்துக்கு எட்டு ரூபாய்தான் குறை. அந்த எட்டுப் பேரும் ஒன்றாம் தேதி காலை டிபனுக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். மாதத்தின் மிச்சத்தில் நான் எடுக்கும் ரத்தமெல்லாம் யாருக்கு என்று லேப் முதலாளியைக் கேட்டேன். ரீஏஜென்ட் விலை ஏறிவிட்டதாம்.

2021-இல் நாடாளுமன்றம் எங்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. இரண்டாயிரம் மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தால்தான் எங்களை இணை மருத்துவத் தொழிலர் என்று பதிவேட்டில் ஏற்பார்களாம். மணிக்கணக்கு இருக்கிறது. சம்பளக் கணக்கு இல்லை. அதே ஆண்டு தேர்தலில் கல்விக் கடன் ரத்து என்ற வாக்குறுதியும் வந்தது. அதை எந்தத் தராசில் நிறுப்பது என்று தெரியாததால் விட்டுவிடுகிறேன்.

திருப்பிக் கட்டும் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டலாம் என்பது வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம். அப்படிச் செய்தால் தவணை 3,350 ரூபாய் அளவுக்கு இறங்கும். மொத்தத்தில் ஆறு லட்சம் கட்டியிருப்பேன், கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதற்கும் சம்மதம் என்றுதான் மனுக் கொடுத்தேன். "ஹெட் ஆபீஸ்" என்ற ஒற்றைச் சொல் பதிலாக வந்தது. மந்திரம் போலச் சுருக்கமாக இருந்ததால் மறக்கவில்லை.

நாலு லட்சம் வரை கல்விக் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது உங்கள் திட்டமே சொல்வது. கேட்கவில்லைதான். அந்தச் செயின் அப்பாவின் கால் ஆபரேஷனுக்காக வைத்தது, என் படிப்புக்காக வைத்ததே இல்லை. வாசலில் கேட்கக் கூடாததைக் கொல்லைப்புறமாக வந்து எடுத்துக்கொண்டீர்கள். அதையும் ஊர் பார்க்கச் செய்தீர்கள். என் அம்மா உங்களுக்குப் பத்துப் பைசா பாக்கி வைக்காமல் அந்த ரசீதை வாங்கியவர். அவரிடம் "உம் பொண்ணு" என்று ஒருமையில் பேச உங்கள் ஆளுக்கு எந்தப் பிரிவு அதிகாரம் கொடுத்தது? நூற்று எழுபத்தொன்றா?

தங்கள் திருமுகம் வாடும்படி எழுதிவிட்டேன் போலிருக்கிறது. சரக்குக்கு வருவோம். தங்கள் மதிப்பீட்டாளர் என் சான்றிதழையும் முறைப்படி கல் எடை கழித்தே மதிப்பிடட்டும். கல்வெட்டு மாதிரிப் பொறித்த கல்லூரிப் பெயரைக் கழிக்கலாம். "நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்ற விளம்பரத்தைக் கழிக்கலாம். மீதி நிற்பது என் கை. நரம்பு தட்டுப்படாத கிழவிக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கும் கை அது. அதற்கு உரைகல் தங்களிடம் இல்லையென்றால், மாதம் 3,350 என்று எழுதிக்கொண்டு செயினைக் கொடுங்கள். சித்தி மகள் கல்யாணம் வருகிறது, அம்மா கழுத்தில் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள கடன்தாரர்

இணைப்பு: சான்றிதழ் நகல் (அசல் ஏழரை கிராம், நகல் ஐந்து கிராம்).

பி.கு.: அடுத்த மாதம் தங்கள் கிளை ஊழியர்களுக்கு மருத்துவ முகாம் நடத்த எங்கள் லேபைத்தான் அமர்த்தியிருக்கிறார்கள். ரத்தம் எடுக்க வருவது நான். அனைவரும் காபி, டீ குடிக்காமல் வெறும் வயிற்றில் வரவும். கவுன்டர் தம்பியை முதல் ஆளாக அனுப்பவும்.