விடுமுறையில் வலை வடிவமைப்பாளர்: காஞ்சிபுரத்துக் கட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பல்லி விழும் பலனுக்கே பஞ்சாங்கத்தில் தனிப்பக்கம் ஒதுக்கிய சமூகம் நம்முடையது. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இணையப் பக்கங்களுக்கு உருக்கொடுத்துவிட்டு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் செங்கல்பட்டு வழியாக ரயிலேறிக் காஞ்சிபுரம் வந்திறங்கும் வலை வடிவமைப்பாளர் அங்கே என்ன செய்கிறார் என்பதை ஆய்வுலகம் கண்டுகொள்ளவே இல்லை. ஓய்வெடுக்கிறார் என்று அலுவலகம் நம்புகிறது. சும்மா இருக்கிறார் என்று வீடு நம்புகிறது. இரண்டும் பிழை. அவர் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு இடம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். பொழுதுபோக்கு என்று அவர் தொடுவதெல்லாம் கட்டத்தில் போய் முடிகிறது. இதற்குக் காரணம் அவரா, ஊரா என்பதே கேள்வி. ஊர்தான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று வாசலில் கிடக்கிறது. பொங்கலன்று ஊடுபுள்ளி 15, 8 வரை வைத்து வீட்டார் போட்ட கோலத்தை மாடியிலிருந்து படமெடுத்து, டேப்லெட்டில் அச்சுப் பிசகாமல் மறுபடி வரைவது இவ்வினத்தாரின் தலையாய கலை ஆர்வம். மூன்றாம் வரிசையில் ஒரு புள்ளி அரை விரற்கடை விலகியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதும், அதனால் காலை காபி தாமதப்படுவதும் உடனிகழ்வுகள். இதெல்லாம் ஓர் ஆராய்ச்சியா என்று நகைப்பவர்கள், தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரைச் சார்ந்தவர்களும் 1970களிலேயே கோலத்துக்கு இலக்கண விதிகள் வகுத்துக் கணினியியல் கட்டுரைகள் வெளியிட்டதை அறியாதவர்கள்.

இரண்டாம் சான்று தறி. கல்யாணப் புடவை எடுக்க வீட்டார் கிளம்பும்போது, "உனக்குத்தான் டிசைன் தெரியுமே, வாயேன்" என்று இவரையும் இழுத்துப் போவார்கள். கடையில் அவரால் ஒரு பயனும் இல்லை. கரைக்கும் உடலுக்கும் நிற வேறுபாடு போதவில்லை என்பார், எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்ற இணைய விதியைப் புடவைக்குப் பொருத்திப் பார்த்துவிட்டு. ஆனால் நெசவாளர் வீட்டுக் குழித்தறி முன் உட்காரவைத்தால் ஆள் எழுந்திருக்கமாட்டார். மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை அட்டைகள் சரமாகத் தொங்குகின்றன. ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டை நகர்கிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைய, அதற்குரிய பாவு இழை மேலே எழுகிறது. ஓட்டை உண்டு, இல்லை: இரண்டே சொற்களில் ஒரு யாளி. ஜக்கார்டு 1804இல் பிரான்சில் செய்த இந்த ஏற்பாட்டைத்தான் 1830களில் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். அட்டை குத்துவதற்கு முன் யாளியும் அன்னமும் கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பப்படுகின்றன. 1984இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினிக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர் தொடங்கியதும் கிராப் நோட்டில்தான். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா என மூன்றையும் ஓட்டி, வெவ்வேறு நிறங்களைப் பிசிறில்லாமல் கோத்துவிடுகிறார்கள். நடுப்பகுதியும் இருபக்கப் பட்டைகளும் கொண்ட இணையப் பக்கத்தை ஒழுங்காக நிறுத்துவது 2000களில் எட்டாக்கனியாகப் பேசப்பட்டது. காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டிருக்கமாட்டார்கள்.

தறி ஒரே ஓரிடத்தில் அவரைத் தோற்கடிக்கிறது. மயில்கழுத்து நிறத்துக்கு அவரிடம் குறியெண் கிடையாது. பாவில் நீலமும் ஊடையில் பச்சையுமாக நெய்த துணி, மடிப்பு திரும்பும்போதெல்லாம் வேறு நிறம் காட்டும். திரையின் புள்ளியோ ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் காட்டும். விடுமுறையில் பாதி நாள் இதிலேயே போய்விடுவதுண்டு.

இனி கோயில். வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 96. இணையப் பக்க அளவை விதியில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல். 2008 வாக்கில் வடிவமைப்பாளர்கள் வழிபட்ட கட்ட முறையின் அகலமும் 960 பிக்சல். தற்செயல் என்பாரும் உளர். தற்செயலேதான், ஆயினும் ஆய்வேட்டில் சேர்க்கத் தகுந்த தற்செயல். கயிலாசநாதர் கோயில் சான்றோ இன்னும் வலுவானது. திருச்சுற்றின் சிறு சன்னிதிகளில் இராசசிம்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களை இருநூற்றுக்கும் மேல் பொறித்ததோடு நிற்கவில்லை. அதே பெயர்களை வெவ்வேறு எழுத்து வடிவங்களில், அலங்கார எழுத்து உட்பட, மீண்டும் பொறிக்கச் செய்தான். ஒரே வாசகத்தை நாலு எழுத்துருவில் போட்டுக் காட்டச் சொல்லும் வாடிக்கையாளர் 1,300 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சியில் இருந்திருக்கிறார் என்பது இதனால் பெறப்படும்.

தச்சரும் விருந்துக்குப் போன வீட்டில் கதவைத் தட்டிப் பார்க்கிறாரே, இது எல்லாத் தொழிலுக்கும் பொது அல்லவா எனின், அன்று. தச்சரிடம் விருந்து வீட்டில் உளியைக் கொடுப்பாரில்லை. வடிவமைப்பாளரிடமோ, இலையில் இட்லி விழுவதற்குள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிடுவார்கள். காலை பத்து மணிவரை தூங்குகிறாரே, அது ஓய்வல்லவா எனின், அதற்கு முந்தைய இரவு இரண்டு மணிவரை அப்பத்திரிகையில் பெரியப்பாவின் பெயரைச் சித்தப்பாவின் பெயருக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர் அவர் என்பதை மறுப்பாளர் கவனிக்கவில்லை. இங்கும் கட்டமே ஆட்சி செய்கிறது: இடப்பத்தி பிள்ளை வீட்டார், வலப்பத்தி பெண் வீட்டார், கீழே தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும். இந்த அமைப்பை மாற்ற முயன்று வென்ற வடிவமைப்பாளரை இவ்வாய்வு எங்கும் காணவில்லை.

ஆகவே இவ்வினத்தாரின் விடுமுறையை வேலைநாளாகவே கொள்ளவேண்டும் என்பது முடிபு. அலுவலகங்கள் இதை ஏற்கப்போவதில்லை. உறவினர்களாவது ஒன்று செய்யலாம்: பத்திரிகையில் போடவேண்டிய பெயர்களை இனிஷியலோடு, யார் முன் யார் பின் என்று குடும்பத்தில் பேசி முடித்து, ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.