நாடு அவருக்கு, போட்டோ இவருக்கு

அர்மேனியா யாருக்கு என்று ரோமும் பார்த்தியாவும் அடித்துக்கொண்டு ஓய்ந்தபோது கி.பி. 63. பார்த்திய மன்னர் வொலோகேசஸின் தம்பி டிரிடேட்டஸே ஆளலாம், ஆனால் ரோமுக்கு வந்து பேரரசர் நீரோவின் கையால் கிரீடம் வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதாவது நாடு அவருக்கு, போட்டோ இவருக்கு.

அண்ணன்காரர் மாப்பிள்ளை வீட்டு முறுக்கோடு நிபந்தனை போட்டார்: தம்பி வாளைக் கழற்ற மாட்டான், ஆளுநர்களின் வாசலில் காத்துக்கிடக்க மாட்டான். ரோம் தலையாட்டியது.

தம்பி மதகுருவும்கூட. கடலை அசுத்தப்படுத்துவது பாவமாம்; கப்பல் வேண்டாம் என்றுவிட்டார். ஒன்பது மாதம் தரைவழிப் பயணம், கூடவே 3,000 குதிரை வீரர்கள். ராணியும் முக்காட்டுக்குப் பதில் தங்கத் தலைக்கவசம் மாட்டிக் குதிரையில் வந்தார். செலவு நாளொன்றுக்கு 8 லட்சம் செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்), ரோம் கஜானாவிலிருந்து. ரோமானியச் சிப்பாயின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ்தான். கிட்டத்தட்ட 900 சிப்பாய்களின் வருடச் சம்பளத்தை இந்த விருந்தாளி தினமும் சாப்பிட்டுக்கொண்டே வந்தார். ரோம் நகரம் பாதி எரிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை என்பதை யாரும் அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

நேப்பிள்ஸில் நீரோவைப் பார்க்கப் போனபோது வாளைக் கொடு என்றார்கள். மறுத்தார், உறையோடு சேர்த்து ஆணி அடித்துக்கொண்டார். அது போதும் என்று ரோமும் விட்டுவிட்டது!

கி.பி. 66இல் ரோமின் ஃபோரத்தில் முடிசூட்டு விழா. டிரிடேட்டஸ் மண்டியிட்டு, நான் உங்கள் அடிமை, மித்ரனை வணங்குவதுபோல உங்களை வணங்க வந்தேன் என்றார். நாட்டுக்காக நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? ரோமிலிருந்த பாம்பே அரங்கத்துக்கு அன்று தங்கம் பூசியிருந்தார்கள். மேலே நிழலுக்குக் கட்டிய ஊதாத் துணியில், நட்சத்திரங்களுக்கு நடுவே நீரோ தேர் ஓட்டினார். பிறகு நிஜ நீரோவும் யாழ் மீட்டிப் பாடி, தேரும் ஓட்டிக் காட்டினார். விருந்தாளி முகம் சுளித்தார். கார்புலோ என்ற ரோமானியத் தளபதியைப் பற்றி, உங்களுக்கு நல்ல அடிமை கிடைத்திருக்கிறான் என்றார். இப்படிப்பட்ட எஜமானரைப் பொறுத்துக்கொள்கிறானே என்பது குத்தல். நீரோவுக்குப் புரியவில்லை.

வழியனுப்பும்போது கொடுத்த பரிசு பத்துக் கோடி செஸ்டர்ஸ் என்கிறார் ஒரு வரலாற்றாசிரியர், இருபது கோடி என்கிறார் இன்னொருவர். வாங்கிக்கொண்ட குருநாதர் பிரிண்டிசியில் கப்பல் ஏறித் திரும்பினார். கடல் அதற்குள் சுத்தமாகிவிட்டது போலும்.

67இல் கார்புலோவைத் தற்கொலை செய்யச் சொன்னார் நீரோ. 68இல் நீரோவும் கழுத்தில் கத்தியை இறக்கிக்கொண்டார். டிரிடேட்டஸ் அதற்குப் பிறகும் அர்மேனியாவை ஆண்டுகொண்டிருந்தார்.