நிற்பவர்கள், இடமிருந்து வலம்

சேரனின் 'ஆட்டோகிராஃப்' படம் வந்த அதே 2004-இல்தான் ஆர்குட்டும் ஃபேஸ்புக்கும் பிறந்தன. கூடப் படித்தவர்களைத் தேட வேண்டும் என்ற ஆசை எனக்கும் அப்போதே வந்துவிட்டது. தேட ஆரம்பித்தது 2018-இல், '96' படம் பார்த்த பிறகு. அதற்குள் ஆர்குட்டை மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. என் சுறுசுறுப்பு அப்படி.

"யாரைத் தேடறீங்க, ஜானுவையா?" என்றாள் மனைவி, அந்தப் படத்து நாயகியை நினைத்து.

நான் படித்தது ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. அதை நினைவூட்டியதும், "அப்ப தாராளமா தேடுங்க" என்று அனுமதி கிடைத்தது. அதில் கொஞ்சம் பரிதாபமும் கலந்திருந்ததாக எனக்குப் பட்டது.

வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர் இருக்கிறது. நமக்கு இருப்பது ஒற்றை இனிஷியல். எங்கள் வகுப்பில் பல செந்தில்குமார்கள். ஒருவன் அப்பா சுப்பிரமணி, இன்னொருவன் அப்பா சண்முகம், மற்றொருவன் அப்பா செல்வராஜ். ஆகமொத்தம் எல்லோரும் எஸ். செந்தில்குமார். ஃபேஸ்புக்கில் அந்தப் பெயரைப் போட்டால் தைப்பூசக் கூட்டம் மாதிரி வருகிறார்கள். முகம் பார்த்துப் பிடிக்கலாமென்றால் ஒருவர் படத்தில் பழனி முருகன், அடுத்தவர் படத்தில் அஜித், அதற்கடுத்து பேரக் குழந்தை. முருகன் என்கூடப் படிக்கவில்லை என்பது மட்டும்தான் நிச்சயம். பெண்கள் பாடு இன்னும் மோசம். தாலி ஏறியதும் அப்பா எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்துவிடுகிறது.

பரணிலிருந்து பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவை இறக்கினேன். அட்டையின் அடியில் 'நிற்பவர்கள், இடமிருந்து வலம்' என்று அச்சடித்திருந்தது. அதற்கப்புறம் முதல் ஐந்தாறு பெயர்களைக் கரையான் தின்றிருந்தது. மிச்சப் பெயர்களை மிச்ச முகங்களோடு பொருத்தினால், தலைமையாசிரியருக்கு எங்கள் பியூன் பெயர் வந்தது.

உண்மையில், எங்களுக்குள் யாருடைய நிஜப் பெயரும் உபயோகத்தில் இருந்ததில்லை. என் பக்கத்து பெஞ்சுக்காரன் பெயர் பல்லி. வாத்தியார் வருகைப் பதிவேட்டில் வேறு ஏதோ பெயரைக் கூப்பிடுவார், அவனும் "உள்ளேன் ஐயா" என்பான். அந்தப் பெயரை யார் கவனித்தார்கள்? பல்லி என்று தேடினால் கூகுள் பலன்தான் சொல்கிறது. தலையில் விழுந்தால் ஆகாதாம்.

ராத்திரி ராத்திரியாக நான் போனைத் தேய்ப்பதைப் பார்த்துச் சலித்துப்போய், "அந்தப் பல்லியோட வீடு எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி. மாவு மில்லுக்கு எதிர் வீடு என்றேன். ஊரிலிருக்கும் தன் சித்திக்கு போன் போட்டாள். சித்தி, மில்காரம்மாவின் சம்பந்தியிடம் விசாரித்தார். காபி ஆறுவதற்குள் நம்பர் வந்துவிட்டது. மார்க் சக்கர்பெர்க்குக்கு ஒரு சித்தி இருந்திருந்தால் அவர் இவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டாம்.

மனைவியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அதற்கு நானே பொறுப்பு.

"டேய் பல்லி!"

"யாருங்க?" கனத்த குரல்.

பெயர் சொன்னேன். தெரியவில்லை. இனிஷியலோடு சொன்னேன். ஊஹூம். கணக்கு வாத்தியாரிடம் தினமும் அடி வாங்குவேனே என்றேன். "எல்லாரும்தாங்க வாங்கினோம்" என்றது குரல். போனை வைத்துவிடப் போகிறான் என்று தோன்றியதும், வேறு வழியில்லாமல் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னேன்.

"அடடே, ஊளமூக்கா! எப்படிடா இருக்கே?" தெருவுக்கே கேட்டிருக்கும்.

கல்யாணமாகி இத்தனை வருஷம் நான் கட்டிக்காத்த ரகசியம். மனைவி சிரிக்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு கர்ச்சீப்பை எடுத்து வந்து, பேசிக்கொண்டிருந்த என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.